ஆறாம் பாடம், நான்காம் கேள்வி

நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த வேதாகம அஞ்சல்வழிப் பாட அலுவலகத்துக்கு இப்போது தபால் பை வருவதில்லை. பாடங்கள் கைபேசிக்குப் போகின்றன. படிப்பவர்கள் சரி, பிழை என்று தொட்டால் புள்ளியும் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஆனால் மனிதர்கள் கேள்வி கேட்பது மட்டும் நின்றபாடில்லை. போன மாதம், இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் நிரோஷினி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, வாற கேள்வியில அரைவாசி ஒரே மாதிரித்தான். இந்த இடத்தில இப்படி இரிக்கி, அந்த இடத்தில அதுக்கு மாறா இரிக்கி, எது சரி எண்டு கேக்கிறாங்க. நீங்க எவ்வளவு காலம் திருத்தின ஆள்! என்ன பதில் போடுவீங்க எண்டு எழுதித் தாங்களன்."

பதினேழு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றையும் அனுப்பினார். பாரம் சுமப்பவர்களுக்கு இளைப்பாறுதல் உண்டு என்று ஓரிடத்தில் இருக்க, உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று இன்னோரிடத்தில் ஏன் இருக்கிறது? கேட்டால் கிடைக்கும் என்றால், அப்போஸ்தலர் பவுல் மூன்று தரம் கேட்டும் அவருடைய உடம்பின் முள்ளாகிய நோவு ஏன் எடுபடவில்லை? விசுவாசம் போதும் என்கிறார் ஒருவர், செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் மற்றவர். யாரை நம்புவது?

இவை ஒன்றும் எனக்குப் புதிதல்ல. ஒவ்வொன்றுக்கும் பாடத்தில் உள்ள பதில் மனப்பாடம். ஆனாலும் பேனையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் இருந்து பார்த்தேன், ஒரு வரி வரவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் படுவான்கரையில் ஒரு வீடுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆகையால் நிரோஷினி, நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு, எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது, தட்டச்சு தெரியும் என்பதற்காக எடுத்தார்கள். முதல் வருடம் விலாசம் எழுதினேன். இரண்டாம் வருடம் விடைத்தாள் பிரித்தேன். மூன்றாம் வருடம் கையில் சிவப்புப் பேனை தந்தார்கள். அது சண்டைக் காலம். கடிதங்கள் மாதக்கணக்கில் பிந்தி, நனைந்து, சில வேளை ஏற்கெனவே யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய அடையாளத்தோடு வரும். அதற்குமேல் என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

அலுவலகம் மட்டக்களப்புக் கல்லடியில், வாவிப் பக்கமாகத் திரும்பும் ஒழுங்கையில் இருந்த ஒரு பழைய வீடு. இரண்டு அறை, ஒரு விறாந்தை. காலையில் சன்னலைத் திறந்தால் உப்பும் சேறும் கலந்த வாவிக் காற்று உள்ளே வந்து கடதாசியெல்லாம் பறக்கும். அதற்காக எல்லா மேசையிலும் கடற்கரையில் பொறுக்கிய கற்கள் இருக்கும். மதியம் மேசையில் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தால் மீன் குழம்பு வாசம் அடுத்த நாள் கடிதத்திலும் இருக்கும் என்று சிரிப்போம். அந்த அறையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வேலைக்குப் போக மனம் வருகிறது.

எங்கள் வேலை இப்படி நடக்கும். பாடம் மொத்தம் இருபத்து நாலு. ஒவ்வொரு பாடத்தோடும் பத்துக் கேள்விகள் அச்சிட்ட ஒரு தாள் போகும். எழுதி முடித்தவர் அதைத் திருப்பி அனுப்புவார். உறையை ஓரமாக அடிமட்டத்தால் கிழித்து, தாளில் இலக்கம் போட்டு, பேரேட்டில் பதிந்து, விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்துவோம். விடைக்குறிப்புகள் எல்லாம் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருந்தன. பிழை விட்டவருக்குக் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். பத்தும் சரி என்றால் கடிதம் தேவையில்லை. 'மிக நன்று' என்று ஒரு இறப்பர் முத்திரை இருந்தது. அதைக் குத்தி, அடுத்த பாடத்தை வைத்து, உறையை ஒட்டிவிடலாம்.

எங்களுக்குத் தலைவியாக இருந்தவர் மிஸ் டொரீன். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பம், கலியாணம் செய்யாதவர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்று வந்தவர். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பூப்போட்ட கவுண், தோளில் முகம் துடைக்க ஒரு கைலேஞ்சி. தமிழ் எங்களைவிடத் திருத்தமாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டில் பேசும் போர்த்துக்கீசப் பாசைக்குப் போய்விடுவார். அது எங்களுக்கு விளங்காது என்பதால் யாருக்கும் மனம் நோவதில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நாங்கள் எழுதும் கடிதம் எதுவும் அவர் முன் சத்தமாக வாசிக்கப்படாமல் வெளியே போகக் கூடாது. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் எழுதிய முதல் கடிதத்தில், முதல் வரியே வேத வசனம். அரை வரி வாசித்ததும் கையைத் தூக்கினார்.

"எஸ்தர், இந்த ஆள்ட பேர் என்ன?"

"வின்சன்ட் மிஸ்."

"அப்ப பேரை எழுது புள்ள. அவர் என்ன கேட்டவர் எண்டத எழுது. வசனம் எங்கயும் ஓடாது, பிறகு வரட்டும்."

அவர் பதில் எழுதுவதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. காத்தான்குடியில் கைத்தறி நெய்யும் இஸ்மாயில் நானா என்று ஒருவர் எங்கள் பாடங்களை வரவழைத்துப் படித்தார். மதம் மாறும் எண்ணம் அவருக்கு ஒரு துளியும் இல்லை. அதை முதல் கடிதத்திலேயே மரியாதையாக எழுதியும் இருந்தார். அவருக்கு அய்யூப் நபியின் மேல் பிரியம். யோபு என்று நாங்கள் சொல்வது அவரைத்தான். "எங்கட அய்யூப் நபி பொறுமைக்குப் பேர் போனவர். உங்கட கிதாபிலயும் ஒரு கடிதத்தில அவர்ட பொறுமையப் பாருங்க எண்டு சொல்லியிரிக்கி. ஆனா அவர்ட சொந்தக் கதைய எடுத்துப் பார்த்தா மனுசன் பிறந்த நாளையே ஏசுறார், ஆண்டவனோட வழக்குப் பேசுறார். இதில எது உண்மை?" என்று கேட்டிருந்தார்.

நான் பாடத்தைப் புரட்டி இரண்டு பக்கத்தில் ஒரு விளக்கம் தயாரித்தேன். மிஸ் கேட்டுவிட்டு, "சரிதான், ஆனா நித்திர வருது" என்றார். பிறகு தானே எழுதினார். அன்பான இஸ்மாயில், பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் போன பிறகும் அந்த மனிதர் ஆண்டவரோடு பேச்சை விடவில்லை, கோபித்துக்கொண்டாவது பேசிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு பேசுபவர் ஆபத்தா, பேச்சையே விட்டவர் ஆபத்தா? இவ்வளவுதான் கடிதம். இரண்டு கிழமையில் இஸ்மாயில் நானா நேரே வந்து, தான் நெய்த நீலக்கரைச் சேலை ஒன்றை மேசையில் வைத்தார். "என்ட பொஞ்சாதி மூணு நாளா என்னோட பேசல்ல மிஸ். உங்கட கடிதத்த வாசிச்சுப் போட்டுத்தான் போய்ச் சமாதானம் பேசினன்" என்றார். சேலை கட்டாத மிஸ் அதை என்னிடம் தந்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது அந்தப் படுவான்கரை வீட்டுப் பாக்கியத்தின் விசயத்துக்கு வருகிறேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாதைகள் திறந்ததும் படுவான்கரையிலிருந்து, அதாவது வாவிக்கு மேற்கே உள்ள வயல் ஊர்களிலிருந்து, நிறையப் பேர் பாடம் கேட்டு எழுதத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை ஒரு காலையிலேயே நாற்பது தாள் திருத்துவேன். கை தானாக ஓடும். விடைக்குறிப்பைப் பார்க்கவும் தேவையில்லை.

ஆறாம் பாடம் ஜெபத்தைப் பற்றியது. நான்காம் கேள்வி: 'சந்தேகத்தோடு கேட்பவர் எதையும் பெறமாட்டார். சரியா, பிழையா?' விடை: சரி. ஒன்பதாம் பாடத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. வலிப்பு வந்த மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன், தனக்கு நம்பிக்கையும் இருக்கிறது, நம்பாமையும் இருக்கிறது, உதவி செய்யும் என்று அழுதான். அவன் கேட்டது கிடைத்ததா? விடை: கிடைத்தது. இந்த இரண்டு விடைக்குறிப்பும் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. எத்தனையோ வருடம் இரண்டுக்கும் சரி போட்டேன். ஒன்று மற்றதோடு இடிக்கிறதே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

பாக்கியத்தின் ஆறாம் பாடம் வந்தது. உருண்டையான, அழுத்தமான எழுத்து. பத்தும் சரி. 'மிக நன்று' குத்தி அனுப்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய ஏழாம் பாடம் வந்தது. அதற்குள் தனியாக ஒரு கொப்பித் தாள் மடித்து வைத்திருந்தார். எழுத்து முன்புபோல் இல்லை. வரி கீழ்நோக்கிச் சரிந்துகொண்டு போனது. அதில் இருந்ததை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

'அன்பான ஆசிரியருக்கு, ஆறாம் பாடத்துக்கு நூறு தந்ததற்கு நன்றி. நான்காம் கேள்விக்குச் சரி என்று எழுதிவிட்டு, தாளின் பின்பக்கத்தில் ஒன்று கேட்டிருந்தேன். எனக்குச் சீனி வருத்தம். ஐந்து வருடமாக இன்சுலின் ஊசி போடுகிறேன். சுகம் தாரும் என்று ஜெபித்துவிட்டு மறுபடி ஊசியை எடுப்பது சந்தேகம்தானே, நிறுத்திவிடவா என்று கேட்டிருந்தேன். பிழை என்றால் சிவப்பால் வெட்டியிருப்பீர்கள். நீங்கள் மிக நன்று என்று போட்டபடியால் அன்றைக்கே நிறுத்திவிட்டேன். இன்றைக்கு ஆறு நாள். காலில் உள்ள புண் மட்டும் கொஞ்சம் பெரிதாகிறது. எனக்காக ஜெபியுங்கள்.'

தபால் முத்திரையைப் பார்த்தேன். கடிதம் வந்து சேர நாலு நாள் எடுத்திருந்தது. அப்படியென்றால் பத்து நாள். தொலைபேசி இலக்கம் எழுதப்படவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு மிஸ்ஸின் அறைக்குப் போனேன். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, "வாசி" என்றார். வாசித்தேன். பாதியில் கண்ணைத் திறந்தார்.

"பின்பக்கம் என்ன இருந்த?"

"நான் பார்க்கல்ல மிஸ்."

ஏசுவார் என்று நின்றேன். கைலேஞ்சியைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "செருப்பப் போடு. போவம்" என்றார். அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது.

களுவாஞ்சிக்குடி வரை பஸ். அங்கிருந்து ஓட்டோவில் துறைக்கு. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற பெரிய மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்பார்கள். பாதை அக்கரையில் நின்றது. வரும்வரை நிற்கத்தான் வேண்டும். அறுவடைக் காலம், நல்ல வெயில். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திருத்திய தாள்களை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எத்தனை தாளின் பின்பக்கத்தில் என்னென்ன எழுதியிருந்ததோ.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. "சீனி வருத்தக்காரப் பாக்கியமா? அந்த வட்டை ஓரத்து வீடுதான்" என்று வயலில் நின்ற ஒருவர் கைகாட்டினார். வயல்வெளியை ஒட்டிய ஒரு சிறிய கல்வீடு. உள்ளே பாயில் ஒரு பெண் படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. இடது காலில் சுற்றியிருந்த துணியிலிருந்து வந்த நாற்றம் வாசலிலேயே தெரிந்தது. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். தலைமாட்டில் எங்கள் பாடங்கள் ஏழும், தூசி படாமல் ஒரு துணியில் சுற்றி இருந்தன.

நாங்கள் யார் என்று மிஸ் சொன்னதும் அவர் எழும்பி உட்காரப் பார்த்தார். முடியவில்லை. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

"பாடம் அனுப்புற இடத்தில இருந்தா? இவ்வளவு தூரம் வந்தீங்களா? ஏழாம் பாடத்துக்கு எவ்வளவு மிஸ்?"

மிஸ் பாயருகே தரையில் அமர்ந்து அவருடைய கையைப் பிடித்தார். "மார்க்ஸ பிறகு பார்ப்பம் புள்ள. இப்ப ஆசுபத்திரிக்குப் போவம்."

பாக்கியம் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். "ஒண்ணா மிஸ், நான் வரல்ல. இவ்வளவு நாள் பொறுத்திட்டன். இப்ப போனா, இவ்வளவும் சந்தேகமாப் போயிரும். ஆறாம் பாடத்தில இரிக்கி."

வயலிலிருந்து அவருடைய கணவர் தம்பிராசா ஓடி வந்தார். தலையிலும் தோளிலும் வைக்கோல் தூசி. அவர் சைவக்காரர். "நானும் சொல்லிப் பார்த்தன் மிஸ். கேக்கிறாள் இல்ல. பாடம் படிக்கத் தொடங்கின நாள்ல இருந்துதான் இவள்ட முகத்தில ஒரு சிரிப்பக் கண்டன். அதக் கெடுக்கவும் மனம் வரல்ல" என்று சொல்லிவிட்டு, நாங்கள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிஸ் ஒன்பதாம் பாடத்தில் வரும் அந்தத் தகப்பனின் கதையைச் சொன்னார். புத்தகம் எதையும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் நடந்ததுபோலச் சொன்னார். "அந்த மனிசன் அரைவாசிதான் நம்பினவன். மற்ற அரைவாசியையும் ஒளிக்காம ஆண்டவருக்கிட்டக் கொண்டு போனான். ஆண்டவர் அவனத் திருப்பி அனுப்பல்ல. புள்ளைக்குச் சுகம் வந்த."

பாக்கியம் கவனமாகக் கேட்டார். பிறகு, "ரெண்டும் ஒரே புத்தகம்தானே மிஸ்? அங்க ஒண்டும் கிடைக்காது எண்டு இரிக்கி, இங்க கிடைச்ச எண்டு இரிக்கி. நான் எதப் பிடிக்கிற?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மிஸ் பதில் சொல்லத் தேடியது எனக்குத் தெரிந்தது. அத்தனை வருடத்தில் அவர் வார்த்தைக்குத் தடுமாறியதை அன்றுதான் பார்த்தேன். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"பாக்கியம், உங்கட தாளைத் திருத்தினது நான்தான். நீங்க பின்பக்கத்தில கேட்டத நான் பார்க்கவே இல்ல. முன்பக்கத்த மட்டும் பார்த்துப் போட்டு முத்திரை குத்தினனான்."

அவர் என்னையே பார்த்தார்.

"பார்க்கல்லியா?"

"இல்ல."

"அப்ப… நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லவே இல்லியா?"

நான் ஆம் என்று தலையை ஆட்டினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். சத்தம் இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது. பத்து நாளும் அவரைத் தாங்கியிருந்தது என்னுடைய அந்த இறப்பர் முத்திரை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மிஸ் என் தோளில் கையை வைத்தார்.

கொஞ்ச நேரத்துக்குப் பின் பாக்கியம் திரும்பாமலே, "இஞ்சேருங்க, லேண்ட்மாஸ்டர எடுங்க" என்றார் கணவரிடம்.

லேண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி அவரைக் கிடத்தினோம். பாதையில் ஏற்றியபோது மற்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். வாவி அன்றைக்கு அசைவில்லாமல் கிடந்தது. தம்பிராசா வடத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணகி அம்மனைக் கூப்பிட்டபடி நின்றார். பாக்கியம் என் விரலைப் பிடித்து, "நீங்களும் சொல்லுங்க அக்கா" என்றார். எனக்கு இருபத்து நாலு பாடமும் தெரியும். அந்த நேரத்தில் அந்தத் தகப்பன் அழுததைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. அதையே கரை சேரும்வரை சொன்னேன்.

உயிர் தப்பினார். இடது பாதம் தப்பவில்லை. கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஒரு கிழமைக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னதாகத் தம்பிராசா சொன்னார். அவர் என்னைக் குற்றம் சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. ஆனால் நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். மிஸ் வாங்கவில்லை. கதிரையில் சாய்ந்து, "வாசி" என்றார். இரண்டு வரி வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

"நீ போனா, இந்தக் கதிரையில வாற ஆளுக்கும் இதெல்லாம் முதல்ல இருந்து நடக்கணுமா?" என்றார். "நானும் உன்னோட சேந்துதான் பிழ விட்டனான். நூறு எடுத்தவனுக்குக் கடிதம் வேணாம் எண்டு சட்டம் போட்டது யார்? நான்தானே."

பாடங்களை அச்சிட்ட தலைமைக் குழு வேறு நகரத்தில் இருந்தது. நான்காம் கேள்வியை எடுத்துவிடும்படி மிஸ் எழுதினார். வேத வசனத்தை ஒட்டிய கேள்வியை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. மிஸ் மறுபடி எழுதினார். வசனத்தை மாற்றச் சொல்லவில்லை, அதற்குச் சரி பிழை போடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன் என்றார். ஐந்து மாதம் கடிதம் போய் வந்தது. அந்த ஐந்து மாதமும் எங்கள் அலுவலகத்திலிருந்து ஆறாம் பாடம் ஒருவருக்கும் போகவில்லை. மிஸ் கட்டுகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கடைசியில் அவர்களே இறங்கி வந்தார்கள். புதிய நான்காம் கேள்வி: 'நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது என்ன? கீழே எழுதுங்கள்.' அதன் கீழே ஆறு வெற்று வரிகள். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். முதல் இரண்டு தரமும் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் தரம், போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, நான் நம்பினது பிழையா?"

"நீங்க நம்பினது பிழை எண்டு என்னால சொல்ல ஏலாது. நான் பார்க்காதது பிழை. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தோடம்பழத்தை உரித்துத் தரச் சொன்னார்.

ஒரு வருடம் கழித்து அவருடைய எட்டாம் பாடம் தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் நான் முதலில் தாளைப் பின்பக்கம் திருப்பினேன். 'பார்க்கிறீர்களா?' என்று எழுதியிருந்தார். 'பார்க்கிறேன்' என்று சிவப்பால் எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் ஏதாவது இருக்கும். இன்று நெல் அவித்தேன். பொய்க்கால் வந்துவிட்டது, கடிக்கிறது. யானை வந்து வாழையைத் தின்றுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். மிஸ் டொரீன் இருந்தவரை அவற்றையும் சத்தமாக வாசிக்கக் கேட்டார்; யானைக் கதையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். இருபத்து நாலாவது பாடம் முடிந்தும் கடிதம் நிற்கவில்லை. அந்த அறையில் எனக்குக் கிடைத்த சந்தோசங்களில் அது பெரியது.

நிரோஷினி, கைபேசித் திரைக்குப் பின்பக்கம் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் பதினேழு கேள்வியை அனுப்பியவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? அந்தப் பவுலின் முள்ளைப் பற்றிக் கேட்டவருக்கு உடம்புக்கு என்ன என்று யாராவது கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். வசனங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை விளக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது அநேகமாகச் சரி. நானும் அதையெல்லாம் படித்திருக்கிறேன்.

உங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு போன கிழமை படுவான்கரைக்குப் போனேன். பாக்கியத்துக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தம்பிராசா வயலுக்குப் போயிருந்தார். பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவர் சுளகில் அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எனக்கு ஒண்டும் தெரியாதக்கா. நல்ல நல்ல கேள்விதான்" என்றார்.

மதியம் சாப்பாட்டுக்கு முன், சூடு படாமல் மண்பானைத் தண்ணீருக்குள் வைத்திருந்த மருந்துக் குப்பியை எடுத்தார். ஊசியில் மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தார். வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பிறகு ஊசியைக் குத்தினார்.

"என்ன ஜெபம் பாக்கியம்?" என்று கேட்டேன். "சுகத்துக்கா?"

"இல்லக்கா" என்று சிரித்தார். "இவ்வளவு வருசமாயும் ஊசியக் கண்டா எனக்குப் பயம். அதுக்குத்தான்."

பிறகு குப்பியைப் பத்திரமாக வைத்துவிட்டு, பொய்க்காலை இழுத்து இழுத்து அடுப்படிக்குப் போய், எனக்கும் தனக்கும் சோறு போட்டார்.